மனிதனைத் தேடி வந்த சாரசம்



காட்டுப் பறவையை மனிதன் பிடித்துப் பழக்கிய கதைகளை நாம் நிரம்பக் கேட்டிருக்கின்றோம். கிளி பிடித்தோர், மைனா வளர்த்தோர், புறாவுக்குத் தூது கற்பித்தோர் எனப் பலர் உளர். பறம்புமலை முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் பறவைகள் காலையிற் பறந்து சென்று மாலையில் நெற்கதிர் கொணர்ந்து பாரியின் குடிகளைக் காத்தன என்னும் செய்தி அகநானூற்றிலே வருகின்றது. இவையெல்லாம் மனிதன் முயன்று பெற்ற பழக்கங்கள். எவரும் அழையாமல், எவரும் கூண்டிலிடாமல், காட்டுப் பறவையொன்று தானாகவே ஒரு மனிதனைத் துணையாக வரித்துக்கொண்டு அவன் பின்னே திரிவது அரிதினும் அரிது. அப்படி நடந்த ஒன்றைப் பற்றியும் அதனால் எழுந்த வழக்கைப் பற்றியும் இன்று பேச விரும்புகின்றேன். வழக்கு என்று நான் சொல்வது உவமையன்று. உண்மையாகவே அரசாங்கம் வழக்குப் பதிந்தது.

இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலத்திலே அமேதி மாவட்டத்தில் மண்ட்கா என்றொரு சிற்றூர் இருக்கின்றது. அவ்வூர் விவசாயியான முகமது ஆரிப் என்பவர் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வயலிலே காலில் அடிபட்டுக் குருதி சொரியக் கிடந்த ஒரு பெரும் பறவையைக் கண்டார். நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய ஓர் ஆளின் உயரம் வரும் பறவை அது. அதனை வீட்டுக்குத் தூக்கிச் சென்று, மஞ்சளையும் கடுகெண்ணெயையும் குழைத்துப் பூசி, முறிந்த காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினார். நம் பாட்டிமார் செய்யும் வைத்தியத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சில கிழமைகளிற் கால் கூடிற்று. பறவை பறக்கலாயிற்று. இனி அது தன் வழியே போய்விடும் என்றே அவர் எண்ணியிருந்தார்.

அது போகவில்லை. அவர் அதனைக் கட்டி வைக்கவுமில்லை. கூண்டு ஒன்று செய்யவுமில்லை. பகலில் வயல்வெளிகளிற் பறந்து திரிந்த அப்பறவை, மாலையில் அவர் வீட்டு முற்றத்துக்கே மீண்டது. அவர் உண்ணும் தட்டிலே அலகை இட்டு உண்டது. அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்பட்டால், தலைக்கு மேலே சிறகு விரித்து, பல மைல் தூரம் அவரோடு கூடவே பறந்து வந்தது. வீட்டிலுள்ள ஏனையோரிடம் அது இந்த நெருக்கத்தைக் காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உணவு கிடைக்கின்றது என்பது ஒன்றே காரணமாயின், உணவிடும் எந்தக் கையும் அதற்கு ஒன்றாகவே இருந்திருக்கும். அது தெரிந்தெடுத்தது ஒரு வீட்டையன்று, ஒரு மனிதரை.

அந்தப் பறவையின் பெயர் சாரசக் கொக்கு. நம் தீவிலே அது இல்லை. ஆகையால் அதனைச் சற்று விரித்துரைப்பது தகும். உலகில் இன்று பறக்கவல்ல பறவைகளுள் மிக உயரமானது இதுவே. வளர்ந்த பறவை ஏறக்குறைய 6 அடி உயரம் நிற்கும். உடல் சாம்பல் நிறம், தலையும் மேற்கழுத்தும் இறகின்றிச் செக்கச் சிவந்திருக்கும், கால்கள் இளஞ்சிவப்பு. சதுப்பு நிலங்களிலும் நெல்வயல்களிலும் வாழும். வயல் நீரின் நடுவே நாணலும் வைக்கோலும் குவித்து மேடை போலக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். உத்தரப் பிரதேச மாநிலத்தின் சின்னப் பறவையும் இதுவே. இந்தியாவிலுள்ள சாரசங்களுள் மிகப் பெரும் பகுதி அம்மாநிலத்து வயல்களிலேயே வாழ்கின்றது. ஆயினும் நீர்நிலைகள் வற்றி நிலம் சுருங்குவதால், அழிவு நேரக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இதன் பெயரும் உண்டு.

இவற்றினும் முக்கியமானது அதன் இல்லறம். சாரசம் ஒருமுறை இணை சேர்ந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அந்த இணையை விட்டு நீங்குவதில்லை. ஆணும் பெண்ணும் ஒருங்கே கழுத்தை நிமிர்த்திக் குரலெழுப்பும். ஒன்றன்முன் ஒன்று குதித்து, சிறகடித்து, தலை தாழ்த்திக் கூத்தாடும். வட இந்திய உழவர் இப்பறவையைத் தாம்பத்தியத்தின் அடையாளமாகப் போற்றி, வயலில் நடமாட விட்டு வைத்திருக்கின்றனர். வான்மீகி முனிவரின் உள்ளத்தை உருக்கிக் கவிதையைப் பிறப்பித்த கிரௌஞ்சப் பறவை சாரசமே என்பது அறிஞர் பலரின் கருத்து. மொகலாயப் பேரரசன் ஜஹாங்கீர், தான் வளர்த்த சாரச இணைக்கு லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு, அவை கூடியதையும் முட்டையிட்டதையும் மாறி மாறி அடைகாத்ததையும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தான். அரசியலில் அவன் எப்படியிருந்தாலும், பறவையைப் பார்க்கத் தெரிந்த மன்னன் அவன். நம் சங்கப் புலவர்கள் அன்றிலைப் பற்றிச் சொன்னவற்றையும் இங்கே நினைவு கூரலாம். அன்றில் எந்தப் பறவை என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருப்பினும், துணை பிரிந்தால் வாடும் பறவை ஒன்றை நம் முன்னோர் கண்டறிந்திருந்தனர் என்பதில் வழக்கில்லை.

இப்படிப்பட்ட இனத்திற் பிறந்த ஒரு பறவை ஏன் ஒரு மனிதனைப் பற்றிக்கொண்டது? இக்கேள்விக்கு விடை தேடுவோர் முதலில் ஒஸ்திரியா நாட்டு அறிஞர் கொன்ராட் லோறென்ஸ் அவர்களிடமே செல்வர். 1903 ஆம் ஆண்டு பிறந்த அவர், தன்யூப் நதிக்கரையிலுள்ள அல்ற்றன்பேர்க் என்னும் ஊரிலே காட்டு வாத்துக்களோடும் காக்கை இனப் பறவைகளோடும் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவர். முட்டையிலிருந்து வெளிவரும் வாத்துக்குஞ்சு, முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள் தன் கண்முன் அசைகின்ற எதனைக் காண்கின்றதோ அதனையே தாயாகக் கொண்டு பின்தொடரும் என்பதை அவர் ஆராய்ந்து விளக்கினார். அவர் முன்னே குஞ்சு பொரித்தால், அவரே தாய். மெழுகில் முத்திரை பதிவது போலக் குஞ்சின் மூளையில் அந்த உருவம் பதிந்து விடுகின்றது. பின்னர் அதனை அழித்து எழுதுவது மிகக் கடினம். அவருக்கு முன்னரே சிலர் இதனைக் கண்டிருந்தனர் எனினும், இதனை ஓர் அறிவியலாக நிலைநாட்டிய பெருமை அவருக்கே உரியது. 1973 ஆம் ஆண்டு வேறிருவரோடு சேர்த்து அவருக்கு நொபேல் பரிசு வழங்கப்பட்டது.

லோறென்ஸ் எழுதியவற்றுள் என்னை மிகவும் நகைக்கச் செய்தது ஒரு சிறு செய்தி. அவர் கையால் வளர்ந்த காக்கை இனத்து ஆண் பறவையொன்று, பருவம் வந்ததும் அவரையே தன் காதலியாக எண்ணிக்கொண்டது. காதலிக்கு உணவூட்டுவது அவ்வினத்தின் வழக்கம். எனவே, புழுக்களை எச்சிலோடு குழைத்துக் கொணர்ந்து அவர் வாயில் ஊட்ட முயன்றது. அவர் வாயை இறுக மூடிக்கொண்டால், அது சோரவில்லை. அவர் காதுக்குள்ளே புழுவைத் திணித்தது. அறிவியலுக்காக மனிதர் பலவற்றைப் பொறுத்திருக்கின்றனர். காதுக்குள் புழுவைப் பொறுத்தவர் இவர் ஒருவராகவே இருக்கவேண்டும்.

சிரிப்புக்கு அப்பால் இதில் ஒரு துயரமும் உண்டு. மனிதனை இனமெனப் பதித்துக்கொண்ட பறவை, தன் சொந்த இனத்தை இனமென்று அறியாது போகின்றது. கொக்கினத்திலேயே இதற்குப் பெயர்பெற்ற சான்றுகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை.

வட அமெரிக்காவில் வாழும் பெரிய வெண்ணிறக் கொக்கு ஒன்றுண்டு. அதன் இனம் 1941 ஆம் ஆண்டளவில் இருபத்து சொச்சம் பறவைகளாகக் குறைந்து, இன்றோ நாளையோ என்ற நிலையை அடைந்திருந்தது. அந்த இனத்தில் 1967 ஆம் ஆண்டு சான் அன்ரோனியோ மிருகக்காட்சிச்சாலையிற் பிறந்த டெக்ஸ் என்னும் பெண் கொக்கு, மனிதர் கையிலேயே வளர்ந்தது. வளர்ந்த பின்னர் ஆண் கொக்குகளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அழியும் இனத்தில் ஒரு பெண் பறவை முட்டையிடாதிருப்பது சிறிய இழப்பன்று. விஸ்கொன்சின் மாநிலத்தின் பறாபூ நகரில் அனைத்துலகக் கொக்கு நிலையத்தை 1973 ஆம் ஆண்டு நண்பர் ஒருவருடன் சேர்ந்து நிறுவிய ஜோர்ஜ் ஆர்ச்சிபால்ட் என்னும் விஞ்ஞானி, 1976 ஆம் ஆண்டில் அதனைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். கொக்கு மனிதனைத்தான் மணக்கும் என்றால் மணமகனாக நானே இருப்பேன் என்று துணிந்தார். இனப்பெருக்கக் காலத்தில் அதன் அருகிலேயே ஒரு குடிசையிற் குடியிருந்து, விடியற்காலையில் வெளியே வந்து, இரு கைகளையும் சிறகென விரித்து, குதித்து, குனிந்து, நிமிர்ந்து அதனோடு கூத்தாடினார். கூத்தில் மகிழ்ந்த பறவை முட்டையிடும் நிலையை எய்தியதும், வேறோர் ஆண் கொக்கின் விந்து செயற்கை முறையிற் செலுத்தப்பட்டது. ஒரு பருவத்தில் முட்டை கருவுறவில்லை. இன்னொரு பருவத்திலும் பலிக்கவில்லை. ஆண்டுகள் சென்றன. 1982 ஆம் ஆண்டு அவர் ஆறேழு கிழமைகள் இடைவிடாது அதனோடு தங்கினார். ஒரே ஒரு முட்டை கிடைத்தது. அதிலிருந்து ஒரு குஞ்சு வெளிவந்தது. ஜீ விஸ் எனப் பெயரிடப்பட்ட அந்தக் குஞ்சு 2021 ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, பல குஞ்சுகளுக்குத் தந்தையாயிற்று. தாய் டெக்ஸ், குஞ்சு பொரித்த அதே 1982 ஆம் ஆண்டிலேயே, இரவில் வந்த கொன்றுண்ணி விலங்கின் வாய்ப்பட்டு இறந்தது.

மற்றது வெண்கழுத்துக் கொக்கு ஒன்றின் கதை. வால்நட் என்பது அதன் பெயர். 1981 ஆம் ஆண்டு பிறந்து மனிதர் கையில் வளர்ந்த அது, 2004 ஆம் ஆண்டு வேர்ஜீனியாவிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தின் வனவிலங்குப் பேணல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. தன்னை நெருங்கிய ஆண் கொக்குகளை அது அண்டவிடவில்லை. ஆனால் தன்னைப் பராமரிக்க வந்த கிறிஸ் குறோவ் என்னும் உத்தியோகத்தரைக் கண்டதும் தலை தாழ்த்திச் சிறகு விரித்தது. அவரும் அதன் குறிப்பறிந்து நடந்துகொண்டார். அவர் துணையாக நிற்க, செயற்கை முறையில் எட்டுக் குஞ்சுகள் பிறந்தன. 2024 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், தன் 42 ஆவது வயதில், அது இறந்தபோது உலகெங்கும் பத்திரிகைகள் அச்செய்தியை வெளியிட்டன.

இவற்றைக் கண்டு தேறியவர்கள் இப்பொழுது வேறொரு முறையைக் கைக்கொள்கின்றனர். காட்டில் விடுவதற்கென்று குஞ்சு வளர்ப்போர், தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போர்த்து, முகத்தை மறைத்து, கொக்கின் தலைபோற் செய்த பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு உணவூட்டுகின்றனர். குஞ்சின் காதில் மனிதக் குரல் விழக்கூடாது என்பதற்காக வாய் திறவாமலே வேலை செய்கின்றனர். 2001 ஆம் ஆண்டில், இப்படி வளர்ந்த குஞ்சுகளுக்கு இலேசான சிறு விமானமொன்றை வழிகாட்டியாக்கி, விஸ்கொன்சினிலிருந்து புளோரிடாவரை வலசை போகும் பாதையையும் கற்பித்தனர். அன்பு மிகுந்தவர்கள் தம் முகத்தையே மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அன்பைக் காட்டாதிருப்பது இத்தனை உழைப்பாகும் என்று எவர் நினைத்திருப்பார்?

மண்ட்காவுக்குத் திரும்புவோம். ஆரிப் கண்டெடுத்தது முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சையன்று, வளர்ந்த பறவையை. ஆகவே லோறென்ஸ் சொன்ன முத்திரை பதிதல் இங்கே அப்படியே பொருந்தாது. வேறு காரணங்களைக் கொண்டே இதனை விளக்க வேண்டும். சாரசக் குஞ்சு ஏறக்குறைய ஓராண்டு தாய் தந்தையரோடு கூடவே நடக்கும். பின்னர் இணை சேரும்வரை இளம் பறவைகள் கூட்டமாகத் திரியும். தனிமை அவ்வினத்தின் இயல்பன்று. கால் முறிந்து, பறக்க இயலாமல், தன் இனத்திலிருந்து பிரிந்து கிடந்த பல நாட்களிலும் அது கண்டது ஒரே முகம். பசித்தபோது வந்ததும் நொந்தபோது தொட்டதும் அந்த ஒருவரே. துணையின்றி வாழ முடியாத இயல்பு, கண்முன் இருந்த துணையைப் பற்றிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. இதனை நன்றி என்று சொல்ல நான் விரும்பவில்லை. நன்றி என்பது கணக்கு வைத்துத் திருப்பிக் கொடுப்பது. அந்தப் பறவை செய்தது அதனினும் பழையதும் அதனினும் எளியதுமான ஒன்று.

ஆரிப்பும் கொக்கும் சேர்ந்து செல்லும் காட்சி காணொளியாக இந்தியா முழுவதும் பரவியது. காண வந்த கூட்டத்தில் அரசியல்வாதிகளும் இருந்தனர். 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அம்மாநிலத்தின் முன்னைநாள் முதலமைச்சர் அகிலேஷ் யாதவ் அவர்களும் வந்து பார்த்துச் சென்றார். அதன் பின்னர் நிகழ்ந்தவற்றிலே கட்சி அரசியல் எவ்வளவு, சட்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலையன்று. மார்ச் 21 ஆந் திகதி வனத்துறை உத்தியோகத்தர்கள் மண்ட்காவுக்கு வந்து பறவையை ஏற்றிச் சென்று, றே பரேலி மாவட்டத்திலுள்ள சமஸ்பூர் பறவைகள் சரணாலயத்தில் விட்டனர். இயற்கைச் சூழலில் தன் இனத்தோடு அது வாழவேண்டும் என்பது அவர்கள் கூறிய நியாயம். அப்பறவையோ சரணாலயத்தில் நிற்கவில்லை. அயலிலிருந்த கிராமமொன்றில் மனிதர்களிடையே அது காணப்பட்டது. காட்டில் விடப்பட்ட பறவை, ஊரைத் தேடிப் போயிற்று. அதனை மீண்டும் பிடித்து, அம்மாத இறுதிக்குள் கான்பூர் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டு சென்று அடைத்தனர். 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆரிப்பின்மீது வழக்கும் பதியப்பட்டது.

ஏப்பிரில் 11 ஆந் திகதி ஆரிப் கான்பூருக்குச் சென்று, கம்பிக்கு வெளியே நின்றார். அவரைக் கண்ட பறவை உள்ளே துள்ளிற்று. சிறகுகளை விரித்து அடித்தது. கழுத்தை நீட்டியும் தாழ்த்தியும் கம்பியோரமாக இங்குமங்கும் ஓடிற்று. கொக்கினத்தைப் பற்றி நான் மேலே சொன்னவற்றை நினைவிற் கொண்டால், அது ஆடியது எந்தக் கூத்து என்பது உங்களுக்கு விளங்கும்.

அக்காட்சியை என் பாடசாலையின் எட்டாந் தரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அப்புத்தளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். பார்த்து முடிந்ததும் வகுப்பு சற்று நேரம் பேசாதிருந்தது. பின்னர் ஒரு மாணவி எழுந்து, “சேர், அவரு அத கட்டிப் போடலியே. அதுவாத்தானே வந்துச்சு?” என்றாள். இன்னொருவன், “கால் ஒடஞ்சு கெடந்தப்ப ஆபிசர்மாரு எங்க சேர் இருந்தாங்க?” என்று கேட்டான். பின் வாங்கில் இருந்த ஒரு பையன் மட்டும் மெல்ல, “ஆனா சேர், எல்லாரும் இப்படி வச்சிக்கிட்டா வயல்ல ஒண்ணும் மிஞ்சாதே” என்றான். மூன்று கேள்விகளும் மூன்று திசையில் நின்றன. ஒரு மணித்தியாலம் விவாதித்தோம்.

பின் வாங்கில் இருந்தவன் சொன்னதிலேதான் சட்டத்தின் உயிர் இருக்கின்றது. கொக்கு அடிபட்டுக் கிடந்தது, நான் காப்பாற்றினேன் என்று சொல்லி எவரும் காட்டு உயிரை வைத்துக்கொள்ளலாம் என்றால், நாளை வலை வைத்துப் பிடிப்பவனும் அதே சொல்லைச் சொல்வான். நீதிபதியால் உள்ளத்தைப் பார்க்க முடியாது. பறவை எங்கே இருக்கின்றது என்பதையே பார்க்க முடியும். நம் நாட்டிலும் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஏறக்குறைய எல்லாக் காட்டுப் பறவைகளும் காவலுக்குரியவை. லயத்து வாசலிற் கூண்டிலே தொங்கிய கிளியை அச்சட்டத்தின் கண்கொண்டு பார்த்தோர் அக்காலத்திற் சிலரே. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மண்ட்காவில் அப்பறவை கம்பியின்றி இருந்தது. வானம் முழுவதும் அதற்குத் திறந்திருந்தது. அதன் நன்மையை நாடிச் செய்யப்பட்ட செயல், அதனைக் கம்பிக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. சட்டத்தின் நோக்கம் பறவை காட்டில் வாழ்வது என்றால், அந்நோக்கம் கான்பூரில் நிறைவேறவில்லை. ஒரு துறைசார் உத்தியோகத்தர் அந்தக் கிராமத்துக்கே கிழமைதோறும் சென்று, உணவிடுவதைச் சிறிது சிறிதாகக் குறைக்குமாறு அவருக்குக் கற்பித்து, அயல் வயல்களிலுள்ள சாரசங்களோடு அது சேர்கின்றதா என்று ஓராண்டு பொறுத்திருந்து பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். பொறுமைக்குப் படிவம் இல்லாததால் திணைக்களங்கள் அதனைக் கையாளத் தயங்குகின்றன போலும். அரச சேவையில் முப்பது ஆண்டு கழித்தவன் என்ற முறையில் இதனைச் சொல்ல எனக்குச் சிறிது உரிமையுண்டு.

ஆரிப்பின் பக்கத்திலும் ஒரு குறை உண்டு, அதனையும் மறைக்கலாகாது. கால் கூடிய பின்னரும் தட்டிலிருந்து உணவூட்டியது கனிவான செயல். ஆனால் மனிதரை அஞ்சாத பறவைக்கு எல்லா மனிதரும் ஆரிப்பாகவே தோன்றுவர். சரணாலயத்திலிருந்து அது ஊரை நாடிப் போனதற்குக் காரணமும் அதுவே. கல்லெறியும் கையையும் நாயையும் வேறுபடுத்தி அறியும் அச்சம், காட்டு உயிருக்குத் தாய் கொடுக்கும் சீதனம். அதனை நாம் அன்பினாலும் பறித்துவிட முடிகின்றது.

துருக்கி நாட்டில் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. அது வேறுவிதமாக நடந்துகொண்டிருக்கின்றது. பூர்சா மாகாணத்தில் ஏரிக்கரையிலுள்ள எஸ்கிகாரஆச் என்னும் கிராமத்திலே ஆதெம் யில்மாஸ் என்னும் மீனவரின் படகில், வெண்ணாரையொன்று ஆண்டுதோறும் வலசையிலிருந்து மீண்டதும் வந்து அமர்ந்து மீன் பெறும் வழக்கம் பத்தாண்டுக்கு மேலாகத் தொடர்ந்திருக்கின்றது. யாரென் என்று அதற்குப் பெயர். அந்த நாரை கூரையிற் கூடு கட்டுகின்றது, தன் இனத்தில் இணை சேர்கின்றது, குஞ்சு வளர்க்கின்றது, கோடை கழிந்ததும் தெற்கே ஆபிரிக்காவை நோக்கிப் பறந்து விடுகின்றது. மீனவரும் அதனைத் தடுப்பதில்லை. எவரும் வழக்குப் பதியவுமில்லை. பறவை தன் வாழ்வை முழுமையாக வைத்துக்கொண்டு, அதில் ஒரு சிறு மூலையை மட்டும் மனிதனுக்குக் கொடுத்திருக்கின்றது. டெக்ஸ் முழுவதையும் கொடுத்தது. மண்ட்காவின் சாரசம் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது. அதனாலேதான் அதன் வழக்கு இத்தனை கடினமாயிற்று.

நம் மலைநாட்டுக்கு வருவோம். சாரசம் இங்கே இல்லை என்றேன். வேறு விருந்தினர் உளர். ஐப்பசி மழையோடு வட இந்தியாவிலிருந்து வந்து சேரும் ஆறுமணிக்குருவி, நெடும் பயணத்தின் களைப்பினால் சிலவேளை வீட்டுத் திண்ணையில் விழுந்து கிடக்கும். பச்சையும் நீலமும் செம்மையும் கலந்த அதன் அழகைக் கண்டதும் கூண்டு தேடுவோர் உண்டு. அதற்கு வேண்டுவது கூண்டன்று. பூனை எட்டாத இருண்ட பெட்டி ஒன்றும், ஓரிரவு ஓய்வும். மறுநாட் காலையிற் பெட்டியைத் திறந்து வைத்தால் அது புதருக்குட் புகுந்துவிடும். எலும்பு முறிந்திருப்பின் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். தேயிலைச் செடிகளுக்கிடையே கொழுந்து பறிக்கும் பெண்கள் குஞ்சுகளைக் கண்டெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பதும் உண்டு. உடலில் இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சு கைவிடப்பட்ட குஞ்சன்று. பறக்கப் பழகும் குஞ்சு. தாய்ப்பறவை அருகிலே மறைந்து நின்று, நாம் எப்போது விலகுவோம் என்று காத்திருக்கும். அதனை எடுத்த இடத்திலேயே, சற்று உயரமான கிளையில் வைத்துவிட்டு விலகுவதே போதும். இறகு முளையாத குஞ்சாயின், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் அதிலேயே திருப்பி வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம்மவர் சொல்வது பெரும்பாலும் உண்மையன்று.

அப்புத்தளைக்கு மேலே அடிஷாம் மாளிகையை அடுத்துள்ள தங்கமலைச் சரணாலயத்துக்கு எம் மாணவர்களை ஆண்டுக்கொரு முறை அழைத்துச் செல்வதுண்டு. இலங்கைக்கே உரிய நீல நிறக் காட்டுக் காக்கையை அங்கே காணலாம் என்று ஆசையோடு போவோம். பனிமூட்டம் இடங்கொடுத்தால் காண்போம். பிள்ளைகளோ திரும்பி வந்ததும் அதனைப் பற்றிப் பேசுவதில்லை. காரியாலயத் தாழ்வாரத்தில் மின்விளக்கின் மேலே கூடு கட்டிய கொண்டைக்குருவியைப் பற்றியே பேசுகின்றார்கள். நம் நாட்டிலே கொண்டைக்குருவி வீடுகளுக்குள் வந்து விளக்கிலும் அலுமாரி உச்சியிலும் கூடு கட்டுவது யாவரும் அறிந்ததே. எவரும் அதற்கு உணவிட்டதில்லை. எவரும் அதனைத் தொட்டதுமில்லை. முந்நூறு பிள்ளைகள் இரைச்சலிட்டு ஓடும் தாழ்வாரத்தில், கைக்கெட்டும் உயரத்தில், அது அசையாமல் அடைகாத்தது. காகமும் பாம்பும் அணுக அஞ்சும் இடம் மனிதர் நடமாடும் இடமே என்று அது கணக்கிட்டிருக்கவேண்டும். இவ்வாண்டு இரண்டு குஞ்சுகள் பறந்தன. அதுவரை அந்த விளக்கைப் போடக்கூடாது என்று மாணவர் தலைவர்கள் ஓர் அறிவித்தலை எழுதி ஒட்டியிருந்தார்கள். சென்ற கிழமை கூடு வெறுமையாயிற்று. மின்குமிழை மாற்றுவதற்கு அனுமதி கொடுத்திருக்கின்றேன்.